மாதம் ஒரு நாள், எங்கள் நாள்

“கோடை விடுமுறையில் நான் சென்ற இடம்” என்று கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். 2024 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் அது. ஐந்தாம் வகுப்புக்குப் போயிருந்த என் மகன் தலைப்பை மட்டும் அழகாக எழுதி, அடியில் கோடும் போட்டுவிட்டு, பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“எழுதேன்டா தம்பி” என்றேன்.

“என்னத்தம்மா எழுத? நாமதான் எங்கயும் போகலையே” என்றவன், சற்றுப் பொறுத்து, “அப்பா இல்லைன்னா இனிமே எங்கயும் போகமாட்டோமா?” என்று கேட்டான்.

கையில் இருந்த தையலை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் 2023 அக்டோபரில் மாரடைப்பால் காலமானார். நாற்பத்தேழு வயது. மதுரையில் சின்னதாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். ஊர் சுற்றுவதில் பிரியமுள்ள மனிதர். பஸ் எங்கே நிற்கும், டிக்கெட் எவ்வளவு, எந்த ஊரில் எந்த ஓட்டலில் சாப்பாடு நன்றாக இருக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. பையைத் தூக்கிக்கொண்டு அவர் முதுகைப் பார்த்தபடி நடப்பதுதான் எனக்குத் தெரிந்த பிரயாணம். நாற்பத்து மூன்று வயதுவரை நான் தனியாக ஒரு ரயில் டிக்கெட் எடுத்தவள் இல்லை என்றால் நம்புவீர்களா?

அவரிடம் ஒரே ஒரு குறை. “அடுத்த வாட்டி போலாம்” என்பார். 2018-இல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் பூ ஆயிற்றே, பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. கடையில் வேலை மும்முரம். “அடுத்த வாட்டி போலாம்” என்றார். “அதுக்கு இன்னும் பன்னெண்டு வருஷம் ஆகுமேங்க!” என்றேன். “ஆகட்டுமே, நாம எங்க போயிடப் போறோம்?” என்று சிரித்தார்.

மகன் கேட்ட கேள்விக்கு அன்றிரவெல்லாம் பதில் தேடினேன். காலையில் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்து, ரவிக்கை தைத்து வரும் பணத்தில் மாதம் தொள்ளாயிரம் ரூபாய் இதில் போடுவது என்று வைத்தேன். மாதம் ஒரு நாள் பிள்ளைகளோடு வெளியே போக வேண்டும். மலை, அருவி, குளம், கடல், எதுவானாலும் சரி. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெரியவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உனக்கு வழி தெரியுமாம்மா?” என்றாள். “கேட்டுக்கிட்டே போனா தெரியும்” என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

விஷயம் தெரிந்ததும் என் அண்ணன் போன் செய்து சத்தம் போட்டார். “வருஷம்கூடத் திரும்பலை, அதுக்குள்ள ஊர் சுத்தக் கிளம்பிட்டியா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” என்றார். எங்களோடு இருக்கும் மாமியார் எதுவும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது அண்ணன் போட்ட சத்தத்தைவிட அதிகமாக வலித்தது.

முதல் படி

முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற சமணர் மலை. கீழக்குயில்குடிக்கு டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் எனக்கும் பெரியவளுக்கும் செலவில்லை. சின்னவனுக்கு மட்டும் அரை டிக்கெட்.

மலையடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். துக்க வருடமாதலால் உள்ளே போகாமல் வெளியே நின்றே கும்பிட்டுக்கொண்டோம். அங்கிருந்து பாறையிலேயே வெட்டிய படிகள் மேலே போகின்றன. சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருந்தேன். தெருமுனையில் இரண்டு பேர் அதைப் பார்த்துச் சிரித்தது இன்னும் காதில் இருந்தது. பாதி ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். தலை கிறுகிறுத்தது. அப்படியே பாறையைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.

“கீழ பாக்காதம்மா. என் காலை மட்டும் பாத்துக்கிட்டே வா” என்றாள் பெரியவள். அவள் முன்னே, நான் நடுவில், சின்னவன் பின்னே. அப்படித்தான் பேச்சிப்பள்ளம் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். அடியில் வட்டெழுத்து. ஆயிரம் வருடத்துக்கு முந்தியவை. பக்கத்தில் ஒரு சுனை. மலையின் இன்னொரு பக்கத்தில் செட்டிப்புடவு என்ற குகையில் பெரிய உருவம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நீண்ட காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் என்றே நினைத்துவிட்டார்களாம். சின்னவனுக்கு அதைக் கேட்டு ஒரே சிரிப்பு. எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

மதியம் வீடு திரும்பியபோது, மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தார். ஆனால் குளியலறையில் மூன்று பேர் காலுக்கும் வெந்நீர் விளாவி வைத்திருந்தது.

குற்றாலத்தில் பத்து நிமிடம்

ஜூலையில் குற்றாலம். செங்கோட்டை ரயிலில் தென்காசியில் இறங்கினால் சாரல் முகத்தில் அடிக்கிறது. அங்கிருந்து பஸ். 2024 மே மாதம்தான் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் அடித்துச் செல்லப்பட்டிருந்தான். அந்தப் பயத்தில், போலீஸ்காரர் குளிக்கலாம் என்று சொன்ன பிறகே பேரருவிக்குப் போனோம்.

அங்கே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். முன்பெல்லாம் சின்னவனை அவர் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நானும் மகளும் இந்தப் பக்கம் போவோம். இப்போது பத்து வயதுப் பையனைப் பெண்கள் பக்கம் கூப்பிட்டால் வெட்கப்படுகிறான். ஆண்கள் பக்கம் யாரோடு அனுப்புவது? வேறு குடும்பங்களில் அப்பாக்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போவதைப் பார்த்தபடி, துண்டை மடியில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“நான் ஓரத்துல நின்னு குளிச்சிட்டு வந்துர்றேம்மா. நீங்க இங்கயே நில்லுங்க” என்றான். சரி என்றேன். கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கூட்டம் குறுக்கே வந்தது. விலகிய பிறகு பார்த்தால் பையனைக் காணோம்.

அந்தப் பத்து நிமிடத்தை எப்படி எழுதுவேன்! அருவிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணன் சொன்னதெல்லாம் அப்போது மண்டைக்குள் இடித்தது. பெரியவள்தான் ஓடிப்போய்ப் போலீஸ்காரரிடம் அடையாளம் சொன்னாள். கடைசியில் பார்த்தால், வேறு வழியாக வெளியே வந்துவிட்ட சின்னவன், ஒரு பழக்கடை முன்னால் நடுங்கிக்கொண்டே நின்றிருந்தான். “அப்பா சொல்லியிருக்காரு, தொலைஞ்சு போனா அலையாம ஒரே இடத்துல நிக்கணும்னு” என்றான். மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் தன் துண்டை அவனுக்குப் போர்த்தியிருந்தார். “ஏம்மா அழுவுற? புள்ளை வெவரமாத்தான நிக்கிறான்” என்று என்னைத் தேற்றினார்.

ரயிலில் வரும்போது இதோடு போதும் என்று முடிவு செய்துவிட்டேன். பெரியவள் கேட்டாள்: “நிறுத்தினா பயம் போயிடுமா? அடுத்த தடவை எங்க சந்திக்கணும்னு முதல்லயே பேசிக்குவோம், அவ்வளவுதானே?” பதினாலு வயதுப் பெண் எனக்கு வழி சொன்னாள். அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் முதல் வேலை, பிரிந்துவிட்டால் வந்து நிற்க ஓர் அடையாளம் வைப்பதுதான். என் போன் நம்பரை அவன் சட்டைப் பையில் ஒரு சீட்டில் எழுதி வைக்கிறேன்.

கிட்டத்திலேயே எத்தனை இடம்!

ஆகஸ்டில் ஒத்தக்கடை யானைமலை. தூரத்திலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் யானையேதான். செப்டம்பரில் வைகை அணை. 71 அடி என்று செய்தியில் கேட்டுக் கேட்டுப் பழகிய அணையை நேரில் பார்த்ததும் சின்னவன், “நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணி இங்கிருந்தா வருது?” என்று வாயைப் பிளந்தான்.

அக்டோபரில் எங்கும் போகவில்லை. அவருடைய வருடத் திதி. அன்றிரவு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து, அவர் எங்களை எங்கெங்கே கூட்டிப் போனார் என்று ஒவ்வொருவராகச் சொன்னோம். பாட்டிலிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்காத மாதம் அது. ஆனாலும் அதையும் ஒரு பயணமாகவே சின்னவன் தன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

வருடம் திரும்பியபின் நவம்பரில் முதல் கோயில், அழகர்கோயில். பழமுதிர்சோலையில் முருகனைக் கும்பிட்டு, மேலே நூபுர கங்கைவரை நடந்தே போனோம். புளியோதரைப் பொட்டலம் ஒன்றைக் குரங்கு கொண்டுபோனது. டிசம்பரில் திண்டுக்கல் பக்கம் சிறுமலை. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. பெரியவள் பத்தாவது வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். மேலே போய் மலைவாழைப்பழம் இரண்டு தின்ற பிறகுதான் பேச்சு வந்தது. 2008-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழமாயிற்றே! சின்னதாக இருந்தாலும் அந்த மணம் வேறு எந்தப் பழத்துக்கும் வராது.

பறவைகளுக்கு ஒரு பிறந்த வீடு

ஜனவரியில் பாளையங்கோட்டை நாத்தனார் வீட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் விடிகாலையில் கூந்தன்குளம் போனோம். நாங்குநேரிப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். குளத்தில் மட்டும்தான் பறவை இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலெல்லாம் மஞ்சள் மூக்கு நாரைகள்! கீழே கோலம், மேலே கூடு. எச்சமும் மீன் வாடையும்தான். யாரும் முகம் சுளிக்கவில்லை. பறவை மிரளும் என்று தீபாவளிக்குக்கூட இங்கே வெடி போடுவதில்லை. 1994-இல் அரசு சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊராரே காத்து வந்திருக்கிறார்கள். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்களும் குளிர்காலத்தில் இந்தக் குளத்துக்கு வருமாம். கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி, சின்னவன் அதையெல்லாம் எண்ணப் பார்த்து, எண்ணிக்கை தப்பித் தப்பி மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், “இவ்வளவு அசிங்கம் பண்ணுதே, தொந்தரவா இல்லையா பாட்டி?” என்று கேட்டாள் என் மகள். “பிள்ளை பெறதுக்கு வந்த மகளை யாராவது தொந்தரவும்பாளா, தாயி?” என்றார் அவர்.

கணவர் இறந்த பிறகு நான் பிறந்த வீட்டுக்குப் போனபோது அண்ணி முகம் போன விதத்தை நினைத்துக்கொண்டேன். பிறகு, அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரியில் அரிட்டாபட்டி. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். இங்கே டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று சுற்றுப்பட்டி ஜனங்களெல்லாம் மதுரைவரை திரண்டு வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. நாங்கள் போனபோது ஊரே கல்யாணம் முடிந்த வீடு மாதிரி இருந்தது. மார்ச்சில் பரீட்சை. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு மாலை நடந்ததோடு சரி.

மாமியாரும் கிளம்பினார்

“ஏத்தா, ராமேஸ்வரம் போறதா இருந்தா என்னையும் சேத்துக்க” என்றார் மாமியார், ஏப்ரல் மாதம் ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே. தலை நிமிரவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-இல் கட்டியது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றுபோயிற்று. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தார்கள். நீளம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே தூக்கிக்கொள்ளுமாம். இருபுறமும் நீலக் கடல். ரயில் அதன் மேல் போகும்போது, எழுபத்திரண்டு வயது மாமியார் ஜன்னல் கம்பியைக் குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்னி தீர்த்தத்தில் மகனை நினைத்து முழுக்குப் போட்டார். அவர் அழட்டும் என்று நாங்கள் சற்றுத் தள்ளி நின்றோம். மதியம் பஸ்ஸில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரும் போய், ஓடி வந்துகொண்டிருந்த ரயிலும் போய், இன்று நிற்பது தேவாலயத்தின் மொட்டைச் சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சமும்தான். “அப்ப எனக்குப் பதினொரு வயசு. டீக்கடை ரேடியோவுல கேட்டுட்டு வந்து எங்கப்பா அன்னிக்குச் சாப்பிடலை” என்றார் மாமியார்.

2017-இல் போட்ட சாலை அரிச்சல்முனை வரை போகிறது. கடல் ஓரத்தில் கால் நனைய நின்றபடி, சங்கும் கிளிஞ்சலும் விற்கிற பெண்களை மாமியார் வெகுநேரம் பார்த்தார். மணலில் குழி தோண்டி ஊறும் நல்ல தண்ணீரைக் குடித்து இன்னமும் இங்கே மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. “ஒரே ராத்திரியில போன ஊருத்தா. இருந்தாலும் பாரு, பொழைக்கத்தான் செய்றாங்க” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்கண்ணன் இனிமே போன் பண்ணினா, எங்கிட்ட குடு.”

பூ இல்லாத செடி

மே மாதம் கொடைக்கானல். ஆரப்பாளையத்தில் விடிகாலைப் பஸ். குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் குறிஞ்சிச் செடி எது என்று கேட்டேன். சரிவில் கைகாட்டினார். இடுப்பளவு புதர். வெறும் பச்சை. வேலியோரம் முளைத்த செடி என்று சொன்னால் நம்பலாம்.

“பூவே இல்லாத செடியைப் பார்க்கவாம்மா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றான் சின்னவன்.

“2018-ல பூத்துச்சு. இனி 2030-ல பூக்கும். அப்ப எனக்கு இருபது, உனக்குப் பதினாறு, அம்மாவுக்கு நாப்பத்தொன்பது” என்று கணக்குப் போட்டாள் பெரியவள்.

“அதுவரைக்கும் இது சும்மாவா இருக்கும்?”

“சும்மா எங்கடா இருக்கு? வளந்துக்கிட்டு இருக்கு” என்றேன். பாட்டிலில் இருந்து கொஞ்சம் தண்ணீர் அதன் அடியில் ஊற்றினேன். மலைச்செடிக்கு என் தண்ணீர் எதற்கு? ஆனாலும் ஊற்றத் தோன்றியது.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

என் போல் ஒற்றையாய்ப் பிள்ளைகளை வளர்க்கிறவர்கள் நம் வாசகியரில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன்.

வருடம் முழுதும் ஆன செலவு 10,460 ரூபாய். அதில் பாதி குற்றாலத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் கொடைக்கானலுக்குமே ஆனது. முதல் மூன்று நாலு மாதம் உள்ளூரிலேயே போய்ப் பழகுங்கள். இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற மாதிரி கிளம்புங்கள். ரத்த அழுத்தம், மூட்டுவலி, இருதயக் கோளாறு உள்ளவர்கள் மலை ஏறுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வழுக்காத ஷூ கட்டாயம். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். பையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பஞ்சு, டார்ச், ஒரு பழைய நூல் புடவை இருக்கட்டும். புடவை விரிப்பாகும், போர்வையாகும், மறைப்பாகும். சாப்பாட்டுக்குப் புளியோதரை. தயிர்சாதம் என்றால் பாலை அதிகமாக ஊற்றிக் கொஞ்சமாய்த் தயிர் விட்டுப் பிசையுங்கள், மதியம்வரை புளிக்காது. குரங்கு இருக்கிற இடத்தில் பையைத் திறக்காதீர்கள்.

அவர் போன பிறகு தினமும் இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு விடிய விடிய விட்டத்தைப் பார்த்துக் கிடப்பேன். துக்கம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளியே போய் நடந்துவிட்டு வந்த இரவுகளில் விடியும்வரை தூங்கினேன்.

2025 ஜூனில் சின்னவன் ஆறாம் வகுப்புக்குப் போனான். மறுபடியும் அதே கட்டுரை. தலைப்பை எழுதிக் கோடு போட்டவன், பேனாவைக் கடிக்கவில்லை. நாலு பக்கம் எழுதிவிட்டு வந்து, “ம்மா, இன்னும் ராமேஸ்வரமே வரலை, நோட்டு தீந்துடுச்சு” என்றான்.

மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபது ரூபாயை எடுத்து நீட்டினார். “போயி வேற நோட்டு வாங்கிட்டு வா, ராசா” என்றார்.